ரூட் உள்ள சமன்பாடுகள்: எப்படிப் போடுவது, எங்கே வழுக்கும்

வர்க்கமூலக் குறிக்குள் மாறி மாட்டிக்கொண்டிருந்தால் செய்யவேண்டியவை மூன்று. மூலத்தை ஒரு பக்கத்தில் தனியாக நிறுத்த வேண்டும். இரு பக்கத்தையும் வர்க்கப்படுத்த வேண்டும். கிடைத்த விடையை முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவதை, நேரம் மிச்சமிருந்தால் செய்கிற வேலை என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வகைக் கணக்கில் அந்த மூன்றாவது வேலை முடியாமல் விடையே வந்ததாகாது. ஏன் என்பதைக் கீழே காட்டியிருக்கிறோம்.

கடலூர்ப் பள்ளிகளில் மாநிலப் பாடத்திட்டம், புதுவை அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. என்று புத்தகங்கள் வேறுபட்டாலும் இந்தக் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், மாலையில் டியூஷன் எடுப்பவர்களுக்கும், வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாவுக்கும் பயன்படும்படி எழுதியிருக்கிறோம். மாறியை எங்கும் ‘ம’ என்றே குறித்திருக்கிறோம். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் குறியின் பொருள்

√9 என்றால் 3. அவ்வளவுதான், ‘3 அல்லது −3’ இல்லை. ம² = 9 என்ற சமன்பாட்டுக்கு 3, −3 என்று இரண்டு விடை உண்டு. ஆனால் √ என்ற குறி, அந்த இரண்டில் குறையெண் அல்லாததை மட்டும் குறிக்கிறது. இந்த வேறுபாடு மனதில் பதியாமல் மேலே போக வேண்டாம். பின்னால் வரும் குழப்பங்களில் பெரும்பாதி இங்கிருந்து கிளம்புவதுதான்.

இது பதிந்துவிட்டால் சில கணக்குகளைப் பார்த்த மாத்திரத்தில் முடித்துவிடலாம்.

√(ம + 2) = −4

இடப்பக்கம் ஒருபோதும் குறையெண் ஆகாது, வலப்பக்கம் குறையெண். எனவே விடை இல்லை. வர்க்கப்படுத்தினால் ம + 2 = 16, ம = 14 என்று அழகாக ஒன்று வரும். போட்டுப் பார்த்தால் √16 = 4; நமக்கு வேண்டியது −4. எனவே 14 விடை அல்ல.

ஒரே ஒரு மூலம், மறுபக்கம் வெறும் எண்

2√(ம − 3) + 1 = 9

1-ஐ அந்தப்பக்கம் அனுப்பினால் 2√(ம − 3) = 8. இரண்டால் வகுத்தால் √(ம − 3) = 4. இப்போதுதான் வர்க்கப்படுத்த வேண்டும்: ம − 3 = 16, ம = 19. சரிபார்ப்பு: 2√16 + 1 = 8 + 1 = 9. சரி.

தனியாக நிறுத்தாமல் அவசரப்பட்டு வர்க்கப்படுத்தினால் இரண்டு விதமாகக் கெடும். முதலாவது, ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக வர்க்கப்படுத்தி 4(ம − 3) + 1 = 81 என்று எழுதுவது. அப்படிப் போனால் ம = 23 வரும்; அதைப் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் சுமார் 9.94, அதாவது 9 இல்லை. (அ + ஆ)² என்பதில் 2அஆ என்ற நடு உறுப்பு உண்டு என்பது மறந்துபோனதன் விளைவு இது. நடு உறுப்பை ஒழுங்காக எழுதினாலோ 4√(ம − 3) என்று மூலம் மறுபடி வந்து நிற்கும். செய்த வேலை வீண். இரண்டாவது, 2√(ம − 3) = 8 என்பதை வர்க்கப்படுத்தும்போது முன்னால் இருக்கும் 2-ஐ வர்க்கப்படுத்தாமல் 2(ம − 3) = 64 என்று எழுதுவது. சரியானது 4(ம − 3) = 64. கெழு இருந்தால் முதலில் வகுத்து நீக்கிவிடுங்கள், இந்தத் தவறுக்கு இடமே இருக்காது.

இதே வகையில் நம் ஊர்க் கடலைப் பற்றிய ஒரு கணக்கு. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு வந்த சுனாமி போன்ற மிக நீண்ட அலைகளின் வேகம், கடலின் ஆழத்தைப் பொறுத்தது. மீட்டர், வினாடி அலகுகளில் வேகம் = √(9.8 × ஆழம்). ஆழம் 4,000 மீட்டர் என்றால் வேகம் வினாடிக்குச் சுமார் 198 மீட்டர், மணிக்குச் சுமார் 713 கிலோமீட்டர். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைந்து வேகமும் குறையும். அலை வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் வரும் இடத்தில் கடல் எவ்வளவு ஆழம்?

√(9.8ம) = 14
9.8ம = 196
ம = 20

ஆழம் 20 மீட்டர். வினாடிக்கு 14 மீட்டர் என்பது மணிக்கு 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கரையோரம் அலை மெதுவாகிவிட்டது என்று சொல்லும்போதுகூட, மனிதன் ஓடித் தப்ப முடியாத வேகம் அது. அலையைப் பார்த்த பிறகு ஓடுவதைவிட, எச்சரிக்கை வந்ததும் மேட்டுக்குப் போவது ஏன் முக்கியம் என்பதை இந்தச் சின்னச் சமன்பாடே சொல்லிவிடுகிறது.

மறுபக்கத்திலும் மாறி இருந்தால்

கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி இது.

√(ம + 7) = ம − 5

மூலம் ஏற்கெனவே தனியாக நிற்கிறது. வர்க்கப்படுத்தினால்:

ம + 7 = ம² − 10ம + 25
ம² − 11ம + 18 = 0
(ம − 9)(ம − 2) = 0

9, 2 என்று இரண்டு எண்கள். 9-ஐப் போட்டால் √16 = 4, 9 − 5 = 4; பொருந்துகிறது. 2-ஐப் போட்டால் √9 = 3, 2 − 5 = −3; பொருந்தவில்லை. விடை 9 மட்டும்.

2 எங்கிருந்து வந்தது? நீங்கள் எங்கும் தவறு செய்யவில்லை. வர்க்கப்படுத்துவது ஒருவழிப் பாதை. 3-ம் −3-ம் வேறு வேறு எண்கள். வர்க்கப்படுத்தியதும் இரண்டும் 9. அதேபோல √(ம + 7) = ம − 5 என்ற சமன்பாடும், −√(ம + 7) = ம − 5 என்ற வேறொரு சமன்பாடும் வர்க்கப்படுத்தியதும் ஒன்றாகிவிடுகின்றன. இருபடிச் சமன்பாடு அந்த இரண்டின் விடைகளையும் சேர்த்துக் கொடுக்கிறது. 2 என்பது அந்த இன்னொரு சமன்பாட்டின் விடை. நம்முடையதற்குப் போலி விடை. எது யாருடையது என்று இருபடிச் சமன்பாட்டுக்குத் தெரியாது. முதல் வரிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போட்டுப் பார்ப்பதற்குப் பதில் நிபந்தனையாகவும் எழுதலாம். √(ஏதோ) = ம − 5 என்றால் வலப்பக்கம் குறையெண்ணாக இருக்கக்கூடாது; ஆகவே ம ≥ 5. இந்த ஒரு வரியை வர்க்கப்படுத்தும் முன்பே ஓரத்தில் எழுதிவைத்தால் 2 தானாகக் கழிந்துவிடும். மூலத்துக்குள் இருப்பது குறையெண் ஆகாமல் இருக்க வேண்டுமே, அதற்கும் தனி நிபந்தனை வேண்டாமா என்று கேட்கலாம். இங்கே வேண்டாம். ம + 7 என்பது (ம − 5)² என்ற வர்க்கத்துக்குச் சமம் என்று எழுதிவிட்டோம். வர்க்கம் குறையெண் ஆகாது. விடைகள் முழுஎண்ணாக வராமல் போட்டுப் பார்ப்பது சிரமமாகும்போது இந்த நிபந்தனை வழி மிக உதவும். ஆனால் கூட்டல் கழித்தலில் சறுக்கியிருந்தால் அதை நிபந்தனை காட்டிக்கொடுக்காது. போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். முழுஎண் விடைக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

‘இரண்டு விடை வந்தால் ஒன்றை அடித்துவிடு’ என்றும், ‘குறையெண் வந்தால் அதுதான் போலி’ என்றும் சில டியூஷன்களில் குறுக்குவழி சொல்வதுண்டு. இரண்டுமே தவறு. கீழ்க்கண்ட மூன்றையும் நோட்டில் போட்டுப் பாருங்கள்.

√(4ம − 3) = ம. வர்க்கப்படுத்தினால் ம² − 4ம + 3 = 0; ம = 1, 3. முதலாவதுக்கு √1 = 1, இரண்டாவதுக்கு √9 = 3. இரண்டுமே சரியான விடைகள்.

√(4ம − 3) = −ம. இருபடிச் சமன்பாடு அதேதான், 1-ம் 3-ம் அதேதான். ஆனால் 1 ≠ −1, 3 ≠ −3. இரண்டும் போலி, விடையே இல்லை.

√(3 − 2ம) = −ம. வர்க்கப்படுத்தினால் ம² + 2ம − 3 = 0; ம = −3, 1. −3-ஐப் போட்டால் √9 = 3, −(−3) = 3; பொருந்துகிறது. 1-ஐப் போட்டால் √1 = 1, வலப்பக்கம் −1; பொருந்தவில்லை. இங்கே குறையெண்தான் உண்மையான விடை, மிகையெண் போலி. −ம என்பதைப் பார்த்ததும் அது குறையெண் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை போட வேண்டும்.

மூலம் = மூலம்

√(3ம − 10) = √(ம − 4) போன்றவை சுலபம். வர்க்கப்படுத்தினால் 3ம − 10 = ம − 4, ம = 3. ஆனால் 3-ஐ உள்ளே போட்டால் இரு பக்கமும் √(−1). மெய்யெண்களில் விடை இல்லை. முந்தைய வகையில் தேவைப்படாத ‘உள்ளே குறையெண் வரக்கூடாது’ என்ற சோதனை இந்த வகையில் கட்டாயம். ஏதாவது ஒரு பக்கத்தில் சோதித்தால் போதும், இரண்டும் ஒரே மதிப்புதானே.

இரண்டு மூலமும் ஓர் எண்ணும்

√(2ம + 3) − √(ம − 2) = 2

கழித்தல் குறியோடு இருப்பதை அந்தப்பக்கம் அனுப்பி, வலப்பக்கத்தைக் கூட்டலாக ஆக்கிக்கொள்ளுங்கள். குறிப் பிழை பாதி குறையும்.

√(2ம + 3) = 2 + √(ம − 2)

வர்க்கப்படுத்தும்போது நடு உறுப்பை மறக்காதீர்கள்:

2ம + 3 = 4 + 4√(ம − 2) + ம − 2
ம + 1 = 4√(ம − 2)

ஒரு மூலம் போய்விட்டது, இன்னொன்று தனியாக நிற்கிறது. மறுபடி வர்க்கப்படுத்தினால்:

ம² + 2ம + 1 = 16(ம − 2)
ம² − 14ம + 33 = 0
(ம − 3)(ம − 11) = 0

3-க்கு √9 − √1 = 2. 11-க்கு √25 − √9 = 2. இரண்டும் சரி.

4√(ம − 2) என்ற நடு உறுப்பை விட்டுவிட்டால் 2ம + 3 = ம + 2 ஆகி, ம = −1 என்று வரும்; மூலத்துக்குள் −3 வந்து நிற்கும். விடைத்தாளில் அடிக்கடி கண்ணில் படுவது இந்தப் பிழைதான். கடைசி வரியை மட்டும் பார்க்காமல் இந்த ஒரு வரியைப் பிள்ளையின் நோட்டில் தேடிப் பார்த்தால், எங்கே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இரண்டு மூலத்தையும் ஒரே பக்கத்தில் வைத்தே வர்க்கப்படுத்தக்கூடாதா? கூடும். 3ம − 3 = 2√(2ம² − ம − 6) என்று வரும்; மறுபடி வர்க்கப்படுத்தினால் அதே ம² − 14ம + 33 = 0 கிடைக்கும். ஆனால் எண்கள் பெரிதாகி, தவறு செய்ய வாய்ப்பும் பெரிதாகிறது.

கூட்டலாக வரும் கணக்குக்கு இன்னும் நல்ல வழி உண்டு. √(ம + 5) + √ம = 5 என்பதைப் பாருங்கள். மூலத்துக்குள் இருப்பவற்றைக் கழித்தால் (ம + 5) − ம = 5. அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) என்ற முற்றொருமைப்படி, கூடுதல் × வித்தியாசம் = 5. கூடுதல் 5 என்று கணக்கே சொல்கிறது. ஆகவே வித்தியாசம் 1. கூடுதல் 5, வித்தியாசம் 1 என்றால் √(ம + 5) = 3, √ம = 2. ம = 4. ஓர் இருபடிச் சமன்பாடும் வரவில்லை. உள்ளே இருப்பவற்றைக் கழித்தால் மாறி அடிபட்டுப்போகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, போனால் இந்த வழியையே எடுங்கள்.

விடை தொலைந்துபோவதும் உண்டு

வர்க்கப்படுத்தினால் கூடுதலாக விடை வரும். வகுத்தால் இருந்த விடையே காணாமல் போகும்.

√(3ம + 1) − √(ம − 1) = 2

முன்போலவே நகர்த்தி வர்க்கப்படுத்தினால் 3ம + 1 = ம + 3 + 4√(ம − 1). சுருக்கினால் ம − 1 = 2√(ம − 1). இந்த இடத்தில் ம − 1 என்பது √(ம − 1)-இன் வர்க்கம் என்று கண்டுபிடித்து, இரு பக்கத்தையும் √(ம − 1)-ஆல் வகுத்து √(ம − 1) = 2, ம = 5 என்று முடித்துவிடத் தோன்றும். 5 சரியான விடைதான். ஆனால் 1-ம் விடை: √4 − √0 = 2. √(ம − 1) பூச்சியமாக இருக்கலாம் என்பதை யோசிக்காமல் வகுத்ததால் 1 தொலைந்தது. போட்டுப் பார்க்கும் சோதனை இதைக் காப்பாற்றாது. இல்லாத விடையைப் போட்டுப் பார்க்க முடியாதே. மாறி உள்ள எதனாலும் வகுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து √(ம − 1) × (√(ம − 1) − 2) = 0 என்று காரணிப்படுத்துங்கள். 1, 5 இரண்டும் கையில் இருக்கும்.

மாறியும் அதன் மூலமும் சேர்ந்து வந்தால்

ம − √ம − 6 = 0

√ம = த என்று வைத்துக்கொண்டால் ம = த². சமன்பாடு த² − த − 6 = 0; த = 3 அல்லது −2. த என்பது ஒரு வர்க்கமூலம், −2 ஆகாது. த = 3, ம = 9. சரிபார்ப்பு: 9 − 3 − 6 = 0. இதில் இரண்டு சறுக்கல்கள். −2-ஐயும் வர்க்கப்படுத்தி 4 என்று எழுதிவிடுவது ஒன்று (4 − 2 − 6 = −4, பூச்சியம் இல்லை). த = 3 என்று கண்டுபிடித்த திருப்தியில் அதையே விடையாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது இன்னொன்று.

எண்கள் ஒழுங்காக வராதபோது

பாடப்புத்தகத்துக்கு வெளியே எண்கள் அவ்வளவு அழகாக வராது. புதுவைக் கடற்கரையில் 48 மீட்டர் உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். படகில் இருப்பவரின் கண் கடல்மட்டத்துக்கு மேல் ம மீட்டர் உயரத்தில் இருந்தால், பூமியின் வளைவு மறைக்காமல் விளக்குத் தெரியக்கூடிய தூரம் கிலோமீட்டரில் சுமார் 3.57 × (√48 + √ம). பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதிலிருந்து வருவது அந்த 3.57. காற்றில் ஒளி சற்று வளைவதால் உண்மையில் தெரியும் தூரம் கொஞ்சம் கூடும். அதை இங்கே விட்டுவிடுகிறோம். விளக்கு 30 கிலோமீட்டரில் முதன்முதலாகத் தெரிந்தால் கண் எவ்வளவு உயரத்தில் இருந்தது?

√48 + √ம = 30 ÷ 3.57 = 8.403
√ம = 8.403 − 6.928 = 1.475
ம = 2.18

சுமார் 2.2 மீட்டர், படகில் எழுந்து நிற்பவரின் கண் உயரம். இதையே 8.4 − 7 = 1.4 என்று முன்கூட்டியே முழுமைப்படுத்தினால் ம = 1.96 ஆகிவிடும், 20 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். நெருங்கிய இரண்டு எண்களைக் கழித்து, வந்த மீதியை வர்க்கப்படுத்தும்போது சின்னப் பிழை பெரிதாகும். கால்குலேட்டரில் வந்த இலக்கங்களைக் கடைசிவரை வைத்திருந்து, விடையில் மட்டும் முழுமைப்படுத்துங்கள்.

மூலத்துக்குள் மூலம்

√(6 + √(6 + √(6 + …))) என்று முடிவில்லாமல் போனால் அதன் மதிப்பு என்ன? மொத்தத்தை ம என்று வைத்தால், முதல் 6-க்கு அடுத்து வருவதும் அதே ம. எனவே ம = √(6 + ம), ம² − ம − 6 = 0, ம = 3 அல்லது −2. √ குறையெண் ஆகாது, 3 மட்டும். கால்குலேட்டரில் சரிபார்க்கலாம்: √6 = 2.449, அதோடு 6 கூட்டி மூலம் எடுத்தால் 2.907, அடுத்து 2.984, அடுத்து 2.997. ஒவ்வொரு சுற்றிலும் 3-ஐ நெருங்குகிறது. இப்படி ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்குகிறது என்பது உறுதியான பிறகுதான் ‘மொத்தம் ம’ என்று வைக்க நமக்கு உரிமை.

இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது இராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் கேள்வியாக விட்டது: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))). அந்தக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர் வி. இராமசாமி ஐயர். அவர் துணை கலெக்டராக இருந்தபோது வேலை தேடி இராமானுஜன் போய்ப் பார்த்தது திருக்கோவிலூரில். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர் அது. இந்தக் கணக்குக்கு மேலே சொன்ன உத்தி செல்லாது, உள்ளே போகப் போக எண்கள் மாறுகின்றன. ஆனால் திறவுகோல் பத்தாம் வகுப்புக்குத் தெரிந்ததுதான்: 3² = 1 + 2 × 4, 4² = 1 + 3 × 5, 5² = 1 + 4 × 6. ஆகவே 3 = √(1 + 2 × 4); அந்த 4-க்குப் பதில் √(1 + 3 × 5), அதில் உள்ள 5-க்குப் பதில் √(1 + 4 × 6) என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மதிப்பு 3.

போட்டுப் பார்க்க ஐந்து

1) √(5ம + 1) = 4
2) √(ம + 13) = ம + 1
3) √(2 − ம) = −ம
4) ம + √ம = 12
5) √(ம + 9) + √ம = 9

விடைகள்: முதலாவது 3. இரண்டாவது 3, கூடவே வரும் −4 போலி. மூன்றாவது −2, 1 போலி. நான்காவது 9; √ம = −4 என்று வருவதை ஏற்கக்கூடாது. ஐந்தாவதில் உள்ளே இருப்பவற்றின் வித்தியாசம் 9, கூடுதல் 9; எனவே மூலங்களின் வித்தியாசம் 1, √ம = 4, ம = 16.